இரண்டாய் மடித்த விரிப்பு

மதியம் இரண்டு மணி இருக்கும். ஆகஸ்ட் மாதம். ஹெல்லோய் தீவின் மேற்குச் சரிவில் ஓர் ஒற்றையடிப் பாதை... அதில் மனிதர் கால் பட்டு முப்பது வருடம் ஆகிறது. ஆடுகள் நடக்கும், அவ்வளவுதான்.

இந்தக் கதையில் இருட்டே கிடையாது கண்ணுகளா. எல்லாம் பட்டப்பகலில் நடந்தது. அதனால் விளக்கைத் தணிப்பதானால் தணியுங்கள். ஓரத்தில் இருக்கிறவளுக்கும் கொஞ்சம் போர்வையை விடுங்கள்.

என் சிநேகிதி சன்னீவாவின் தங்கை மார்னா. அவள் புருஷன் ஹானுஸ். தோர்ஷவன் பட்டணத்தில் மீன் கூடத்தில் வேலை. பிறந்தது ஹெல்லோயில். அவனுக்கு ஒன்பது வயதானபோது, தீவில் மிச்சமிருந்த மூன்று வீட்டுக்காரர்களும் ஒரே நாளில் ஆடுமாடோடு படகேறி வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"பிள்ளைங்களுக்கு நீ பொறந்த இடத்தை ஒரு தடவையாவது காட்டேன்" என்று மார்னா சொல்லிச் சொல்லி, அந்த வருடம் கிளம்பினான். மூத்தவள் ரன்வாவுக்குப் பத்து வயது. சின்னவன் ஓலிக்கு ஆறு. உட்கார்ந்து சாப்பிட மார்னா ஒரு பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பை மடித்துக் கொடுத்திருந்தாள்.

மோட்டார் படகில் கொண்டுவந்து விட்ட அன்ஃபின் சிரித்தான். "அஞ்சு மணிக்கு வரேன். உன் தீவைக் காட்ட அரை மணி போதுமேப்பா. மிச்ச நேரம் என்ன பண்ணுவே, ஆடு எண்ணுவியா?"

ஹானுஸ் காட்டினான். கூரை விழுந்த வீடு. அடுப்பு இருந்த இடம். உருளைக்கிழங்குப் பாத்தி. காட்டக் காட்ட அவனுக்குள் ஒன்றும் அசையவில்லை. அழுகை வரும் என்று நினைத்திருந்தான். வரவில்லை. யாருடைய வீட்டையோ காட்டுகிற மாதிரி இருந்தது.

"ஃபோன் இல்லாம டாக்டரை எப்படிப்பா கூப்பிடுவீங்க?" என்றாள் ரன்வா.

கடலுக்கு அந்தப் பக்கம், இரண்டு மைல் தள்ளி ஒரு கிராமம். ஹானுஸ் கையை நீட்டினான். "அங்கேருந்து எந்நேரமும் யாராவது இந்தச் சரிவைப் பாத்துக்கிட்டே இருப்பாங்க. ஓடை பக்கத்துல வெள்ளைத் துணி விரிச்சா டாக்டர் வருவார். கோயில் சுவர்கிட்ட விரிச்சா பாதிரியார்."

"அந்தச் சாம்பல் கல்லுச் சரிவுல விரிச்சா?" என்றான் ஓலி.

"அது... ஒண்ணுமில்லடா. சும்மா கல்லு."

அப்புறம் ரன்வாவுக்குப் பள்ளிக்கூடத்தைக் காட்டப் போனான். ஓலிக்குக் கால் வலி. "நான் சாப்பாட்டை எடுத்து வைக்கிறேன்" என்று பையோடு நின்றுகொண்டான்.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. பள்ளிக்கூடத்துக்குள் நிற்கும்போது ஹானுஸுக்கு ஒரு சத்தம் கேட்டது. கிர்ர்க்... கிர்ர்க்... மரத்தில் மரம் உரசுகிற சத்தம். அதோடு தார் வாசனை. ஈரக் கம்பளி வாசனை. பாறைப் பறவைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன.

வெளியே வந்தான்.

சாம்பல் கல்லுச் சரிவில் ஓலி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் விரிப்பு. பெரிய துணி, அவனால் பிரிக்க முடியவில்லை. இரண்டாய் மடித்தபடியே போட்டு, நான்கு மூலையிலும் கல் வைத்திருந்தான்.

"மத்த இடத்துல போட்டா யாராவது வந்துருவாங்கல்லப்பா. அதான் இங்க போட்டேன். இது சும்மா கல்லுதானே."

அந்தச் சரிவு எதற்கு என்று நான் சொல்கிறேன். ஹெல்லோயில் ஒரு மரம் கிடையாது. சவப்பெட்டிக்குப் பலகை அந்தப் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். சாம்பல் சரிவில் விரித்தால் பலகை வரும். முழு விரிப்பு என்றால் பெரியவருக்கு. இரண்டாய் மடித்திருந்தால்... குழந்தைக்கு. ஹானுஸுக்கு ஏழு வயதில், அவன் தங்கைக்காக அவன் அப்பா அப்படித்தான் மடித்துப் போட்டார்.

இன்னொன்றும் உண்டு. கூப்பிட்ட படகை வெறுமே திருப்பி அனுப்பக் கூடாது. எட்டுப் பேர் உயிரைப் பணயம் வைத்து அந்த நீரோட்டத்தைக் கடந்து வருகிறார்கள். சாகக் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டால்கூட, ஒரு கிடாவையாவது ஏற்றித்தான் அனுப்புவார்கள். துணியை எடுத்துவிட்டு இல்லை என்று சொல்லும் வழக்கமே அங்கே கிடையாது. இப்போது தீவில் மேய்கிற ஆடு ஒன்றுகூட ஹானுஸுடையது இல்லை.

ஹானுஸ் கடலைப் பார்த்தான். பாதித் தூரத்தில் ஒரு துடுப்புப் படகு. எட்டுத் துடுப்பு. இன்று அந்த ஊரில் துடுப்புப் படகு யாரிடமும் இல்லை. கடைசியாக இருந்ததைத் தோர்ஷவன் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்... போன வருடம் அவனே பிள்ளைகளுக்குக் காட்டினான். படகின் முன்பக்கம் பலகைகள். குட்டைப் பலகைகள்.

அவன் கத்தவில்லை. ஓடவில்லை. மூலைக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்தான். விரிப்பைப் பிரித்தான். காற்று அதைப் படபடவென்று அடித்தது. முழு நீளத்துக்கும் இழுத்து விரித்து, மறுபடி கல் வைத்தான்.

"எதுக்குப்பா பிரிக்கிறே?" என்றாள் ரன்வா.

"எல்லாரும் நல்லா காலை நீட்டி உக்காரலாமேன்னுதான்மா."

நடுக்கடலில் துடுப்புகள் நின்றன. எட்டும் மேலே உயர்ந்தன. அவற்றிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம்... அவ்வளவு தூரத்திலிருந்து... காதருகில் கேட்டது. முன்னால் இருந்த ஆள் எழுந்து நின்று, கையை நெற்றியில் வைத்துச் சரிவைப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். பிறகு குனிந்தான். குட்டைப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கடலில் விட்டான். அடியிலிருந்து நீளப் பலகைகளை எடுத்து மேலே வைத்தான்.

கிர்ர்க்... கிர்ர்க்...

ஹானுஸ் இரண்டு பேரையும் ஆட்டுப்பட்டிச் சுவர் அருகே கூட்டிப்போனான். "சுவரைப் பாத்து நில்லுங்க. தம்பி கையை விடாதே. நூறு வரைக்கும் சத்தமா எண்ணுங்க. திரும்பிப் பாக்கக் கூடாது."

"கண்ணாமூச்சியாப்பா?" என்றான் ஓலி.

"ஆமா."

அவர்கள் எண்ணத் தொடங்கினார்கள். அவன் படகுத்துறைக்கு இறங்கினான். ஓலி எண்பதில் தப்புவிட்டு மறுபடி எழுபதிலிருந்து எண்ணினான். அறுபதிலேயே ரன்வாவின் குரல் நின்றுபோயிருந்தது. அவள் திரும்பிப் பார்த்துவிட்டாள். என்ன பார்த்தாள் என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நூறு முடிந்தபோது ஹானுஸ் அவர்கள் பின்னால் நின்றான். கடல் காலியாக இருந்தது. பறவைகள் கத்தத் தொடங்கியிருந்தன. மூன்று பேரும் விரிப்பில் உட்கார்ந்து காய்ந்த ஆட்டிறைச்சியும் ரொட்டியும் சாப்பிட்டார்கள். ஐந்து மணிக்கு அன்ஃபின் வந்தான்.

"என்னப்பா, எண்ணி முடிச்சியா?"

"முடிச்சேன்" என்றான் ஹானுஸ்.

அவன் வேலைக்குப் போகிறான். பிள்ளைகளைத் திட்டுவதில்லை. போட்டதைச் சாப்பிடுகிறான், உப்புக் குறைந்தால் சொல்வதில்லை. மார்னா தன் அக்காவிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்: "தீவுக்குப் போய்ட்டு வந்ததுலேருந்து மனுஷன் எவ்வளவு அமைதியாய்ட்டார் தெரியுமா?"

குளிர்காலம் வந்தது. காலையில் நாலு பேரும் ஒன்றாகத்தான் மேட்டுத் தெருவில் ஏறுவார்கள். வீட்டு வாசலைத் தாண்டுவதற்குள் ரன்வா தன் கம்பளித் துண்டைக் கழற்றி அப்பாவின் வாயையும் மூக்கையும் சுற்றிக் கட்டிவிடுவாள். ஒரு நாள் தவறியதில்லை. "என்னடி இது, அப்பா மேல அவ்வளவு பாசமா?" என்று மார்னா கேலி செய்வாள். ரன்வா முடிச்சை இன்னும் இறுக்குவாள்.

ஜனவரியில் ஒரு நாள், நல்ல உறைபனி. தெரு முனையில் காற்று வேகமாக அடித்துத் துண்டு அவிழ்ந்து விழுந்தது. ரன்வா குனிந்து எடுப்பதற்குள் மார்னா நிமிர்ந்து புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

மார்னாவின் வாயிலிருந்து வெள்ளையாக ஆவி வந்துகொண்டிருந்தது. ஓலியின் வாயிலிருந்து வந்தது. ரன்வாவின் வாயிலிருந்தும்.