ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி

அந்தக் கடிகாரத்தின் முள்ளைப் பின்னால் திருப்பக் கூடாது, தாரணி. காலையில் நீ திருப்பப் போனபோது நான் உன் கையைப் பிடித்தது அதற்காகத்தான். உன் அப்பா இருந்திருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பார். பிரெஞ்சுக்காரன் செய்த மணியடிக்கும் கடிகாரங்களை முன்னால் மட்டும்தான் திருப்ப வேண்டும், வழியில் வருகிற ஒவ்வொரு மணியையும் அடிக்க விட்டு. கல்யாணமாகி வந்த வாரமே எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டார். வேறு எதையும் அவ்வளவு பொறுமையாக என்னிடம் சொன்னதாக நினைவில்லை.

கடிகாரம் ஏன் மூன்று மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்று காலையில் கேட்டாய். இப்போது அதன் தோல்பெட்டியைத் திறந்துவிட்டு, அப்பாவின் மாத்திரைகள் இதற்குள் எப்படி வந்தன என்று கேட்கிறாய். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். உட்கார், சொல்கிறேன். காபி ஆறுகிறது.

கண் போன பிறகு ஹால் அலமாரியில் இருந்த சலவைக்கல் கடிகாரங்களை எல்லாம் அப்பா நிறுத்தச் சொல்லிவிட்டார். பார்க்க முடியாததற்கு எதற்குச் சாவி என்றார். இந்த ஒன்றை மட்டும் மடியில் வைத்துக்கொண்டார். தேவராஜ மொஹல்லாவில் ஒரு பழைய சாமான் கடையில் கண்டெடுத்தது. வெள்ளைக்காரர்கள் குதிரை வண்டியில் பயணம் போகும்போது கூடவே எடுத்துப்போன கடிகாரமாம். உச்சியில் இருக்கிற பொத்தானை அழுத்தினால், கடைசியாக அடித்த மணியை மறுபடி அடித்துக் காட்டும். இருட்டில் நேரம் தெரிந்துகொள்வதற்காக அப்படி ஒரு ஏற்பாடு. அப்பாவுக்கு எந்நேரமும் இருட்டு என்பதால் நாள் முழுக்க அழுத்திக்கொண்டிருப்பார்.

நீ கிரணைக் கட்டிக்கொண்ட பிறகு அவர் உன் பெயரையே எடுக்காமல் இருந்த வருஷங்களில் உன்னோடு பேசியது நான். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பேசுவேன். கண் போனதும் அவர் இளகினார். ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு, டொராண்டோவில் உனக்குக் காலை வேளை, என் போனில் கூப்பிட ஆரம்பித்தாய். முதல் வாரம் அழுதார். அடுத்த வாரத்திலிருந்து சிரித்தார். எந்தக் கடிகாரத்தை யாரிடம் எப்படிப் பேசி வாங்கினார் என்று கதை கதையாகச் சொல்வார். அதில் பாதி நானே கேள்விப்படாதது. பேசி முடித்துவிட்டுப் போனை என் கையில் கொடுப்பார். “அம்மா, சாப்ட்டியா?” என்பாய். சாப்பிட்டேன் என்பேன். அதோடு வைத்துவிடுவாய்.

எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அதை மறைத்து இனி என்ன ஆகப் போகிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை உனக்குக் காய்ச்சல், கூப்பிடவில்லை. அப்பா வெகுநேரம் காத்திருந்தார். பிறகு கையை நீட்டித் துழாவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கோதா, நீ இருக்கியோ?”

“இருக்கேன்.”

“எங்கேயும் போயிடாதே.”

அந்த மனிதர் தானாக என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான். அவர் தூங்கிய பிறகும் நான் கையை எடுக்கவில்லை.

அடுத்த வாரம் நான் செய்தது சின்னக் காரியம். சாப்பிட்டுவிட்டு அவர் கண்ணயர்ந்ததும், கடிகாரத்தைச் சால்வையில் சுற்றிச் சமையலறைக்கு எடுத்துப்போய் முள்ளை மூன்று மணி முன்னால் திருப்பினேன். அவர் சொன்னபடியே, ஒவ்வொரு மணியையும் அடிக்க விட்டு. எழுந்ததும் பொத்தானை அழுத்தினார். ஐந்து அடித்தது. நன்றாகத் தூங்கிவிட்டேன் போலிருக்கிறது என்று சொல்லி, சட்டை மாற்றி, தலையை வாரச் சொல்லி, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆறு அடித்தது. ஏழு அடித்தது. எட்டு அடித்ததும் மோர்சாதம் சாப்பிட்டார். என் கையைப் பிடித்தபடியே தூங்கிப்போனார்.

நிஜமான ஆறு மணிக்கு நீ கூப்பிட்டாய். நான் கொல்லைப்பக்கம் போய் நின்று, அப்பாவுக்குப் பழைய கோபம் திரும்பிவிட்டது, பேச மாட்டேன் என்கிறார் என்றேன். நீ நம்பினாய். அதற்கு முன்பும் பேசாமல் இருந்தவர்தானே. பிறகு கடிகாரத்தை ஒன்பது மணி நேரம் முன்னால் திருப்பிச் சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தேன். பின்னால் மூன்று திருப்பினால் முடிந்திருக்கும். ஆனால் அவருடைய கடிகாரம் கெட்டுவிடக் கூடாதே.

அதன்பின் எல்லா ஞாயிறும் அப்படித்தான். மற்ற நாட்களில் ஹெப்பாள் ரோட்டில் கம்பெனி பஸ் போகிற சத்தத்தை வைத்தே நேரம் சொல்லிவிடுவார். ஞாயிறன்று அந்த ரோடு வாயைத் திறக்காது. ஒரே ஒரு தடவை ஜன்னல் பக்கம் கையை நீட்டி, “ஏழு மணிக்கு வெயில் சுடறதே” என்றார். பொத்தானை அழுத்தினார். ஏழு அடித்தது. “சூரியன் தப்புப் பண்ணினாலும் இது பண்ணாது” என்று கையை உள்ளே இழுத்துக்கொண்டார். நான் காய்கறி வாங்கி வந்தால்கூட நம்பாமல் எடை போட்டுப் பார்த்த மனிதர் அவர்.

இன்னொரு நாள் ரோஷத்தை விட்டு, “நாமளே அவளைக் கூப்பிடுவோமே” என்றார். பீரோவில் புடவைகளுக்கு அடியில் சத்தத்தை அணைத்து வைத்திருந்த என் பழைய போனுக்கு அடித்து, அவர் காதில் வைத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. அது தானாக நிற்கும்வரை கேட்டார்.

“எடுக்கலையேடி.”

“வேலையா இருப்பா” என்றேன். உன்னை விட்டுக்கொடுக்காமல்தான் பேசினேன்.

அதற்குப் பிறகு அவர் சாப்பாடு குறைந்தது. மாத்திரை ஒழுங்காகக் கொடுத்தாயா என்று வந்த அன்றே கேட்டாய். கொடுத்தேன். நெஞ்சுக்கு, ரத்த அழுத்தத்துக்கு, எல்லாம் வேளை தவறாமல் உள்ளங்கையில் வைத்தேன். வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் குடிப்பார். நான் அந்தப் பக்கம் போனதும் வெளியே எடுத்துத் தோல்பெட்டியில் போட்டுவிடுவார். தூசி தட்டும்போது பார்த்தேன். தனக்குக் கண் தெரியாததால் எனக்கும் தெரியாது என்று நினைத்துவிட்டார், பாவம்.

நான் கேட்கவில்லை. கேட்டால் அவருக்கு அவமானமாக இருக்கும். பெட்டி நிறைந்துவிட்டால் கைக்குத் தட்டுப்பட்டுச் சிரமப்படுவார் என்று அவ்வப்போது காலி செய்து வைத்தேன். நீ பார்த்தது கடைசி சில நாட்களின் மாத்திரைகள்.

அவர் போனதும் ஒரு ஞாயிறுதான். கடிகாரம் எட்டு அடித்தது, வெளியே நல்ல வெளிச்சம். நெஞ்சைப் பிசைகிறது என்றார். டாக்டரைக் கூப்பிட எழுந்தேன். “கொழந்தை மறந்துட்டா. போகட்டும், நீ இருக்கியே” என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பிடி தளரும்வரை யாரையும் கூப்பிடவில்லை. பிறகு என் போன் அடித்தது. நீதான். அதையும் எடுக்கவில்லை. கடிகாரத்தைச் சரியாக வைக்கவும் அன்று தோன்றவில்லை. சாவி மட்டும் கொடுத்து வருகிறேன், அதனால்தான் இன்னும் அந்த நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் அவரைக் கொன்றுவிட்டேன் என்று சொல்லப் போகிறாய். சொல். நான் இல்லை என்று சொல்லவில்லை. தெரிந்தே செய்தேன், ஒவ்வொரு வாரமும் செய்தேன். ஆனால் அவர் தனியாகப் போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல். அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் போல நாங்கள் என்றைக்கும் வாழ்ந்ததில்லை.

பையைக் கீழே வை. எங்கே கிளம்புகிறாய்? அழுது களைத்து மத்தியானம் முழுக்கத் தூங்கிவிட்டாய். கிரண் திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். உன் போனை நான்தான் எடுத்தேன். அவனோடு பேச உனக்கு இஷ்டமில்லை, இனி இங்கேயே அம்மாவோடு இருந்துவிடப் போகிறாய் என்று சொல்லிவிட்டேன். அவனும் நம்பிவிட்டான்.

கையைக் கொடு, தாரணி.