இருபத்தாறு புள்ளி ஒன்று

மீன் தொட்டி ஹீட்டருக்கு டெம்பரேச்சர் கன்ட்ரோலர் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் விலையைப் பார்க்கிறார்கள், இல்லையென்றால் டிஸ்ப்ளேயின் அழகைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் ரிலேயை. ஹீட்டருக்குக் கரண்டைக் கொடுப்பதும் நிறுத்துவதும் அந்தச் சின்ன சுவிட்ச்தான். மட்டமான ரிலே என்றைக்காவது ஒரு நாள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் அணையாது. அப்புறம் தொட்டியில் இருப்பது மீன் இல்லை, மீன் குழம்பு.

ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றில், அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். தராசு, பிரஷர் கேஜ், தெர்மாமீட்டர் எதுவானாலும் என் மேஜைக்கு வந்துதான் போகும். சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், அதில் தேதியும் நாகப்பன் என்ற என் கையெழுத்தும். தப்பாக இருந்தால் சிவப்பு. சிவப்பு ஒட்டியதை அதற்குப் பிறகு யாரும் தொடக் கூடாது. எந்த வேலையானாலும் என்ன செய்தோம் என்று எழுதிவைப்பது எங்கள் பிரிவின் வழக்கம். இதையும் அதனால்தான் எழுதுகிறேன். மற்றபடி மனசாட்சி உறுத்துகிறது என்றெல்லாம் எதுவும் இல்லை.

குவார்ட்டர்ஸ் வீட்டிலும் அதே வழக்கம்தான். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர், சமையலறைத் தராசு, சுவர்க் கடிகாரம் எல்லாவற்றிலும் பச்சை ஸ்டிக்கர் இருக்கும். என் மகள் மதிவதனி சின்ன வயதில் நெற்றியில் ஒன்றை ஒட்டிக்கொண்டு, "நான் பாஸாப்பா?" என்று வந்து நிற்பாள். அவளுடைய பதினைந்து வயதில் என் மனைவி வரலட்சுமி போய்ச் சேர்ந்தாள். பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர், அப்புறம் அந்தத் தொட்டி.

பவளத் தொட்டி என்பார்கள். நான்கடி நீளம், உப்புத் தண்ணீர், மென்பவளங்கள், பூ விரிந்த மாதிரி அசையும் கடல் சாமந்தி, அதற்குள் குடியிருக்கும் ஒரு ஜோடி கோமாளி மீன்கள். ஐந்து வருடமாக வளர்த்தாள். அந்த ஜோடி முட்டையிட்டது, குஞ்சுகளையும் பிழைக்கவைத்தாள். கடல் மீன் குஞ்சை வீட்டில் பிழைக்கவைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. கொளத்தூரில் மீன் கடை வைத்திருக்கும் உத்தமன் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். "சார், இருவது வருசமா இதே தொயில்ல கீறேன், எனக்கே வரல. பாப்பா கைல இன்னாவோ கீது."

தூத்துக்குடியில் கடல் மீன் குஞ்சு பொரிக்கும் பண்ணை ஒன்று அவளை வேலைக்குக் கேட்டது. டிசம்பர் இருபதாம் தேதி அதன் மேலாளர் இளங்கோ நேரில் வந்து தொட்டியைப் பார்த்துவிட்டு வேலைக்கான ஆர்டர் கொடுப்பதாக ஏற்பாடு. இதை என்னிடம் சொல்வதற்கு முன்பே உத்தமனிடம் சொல்லியிருந்தாள். அது போகட்டும். அடுத்த வருடம் எனக்கு ஓய்வு, திருநின்றவூரில் வீடு கட்டியாகிவிட்டது, மாடியில் உனக்கென்று ஒரு அறை இருக்கிறது என்று நினைவூட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே, "நான் இல்லாம ஒரு மாசத்துல உங்களுக்குப் பழகிடும்பா" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. இப்போது எழுதும்போதும் வருகிறது.

அந்த வாரம்தான் கன்ட்ரோலர் பேச்சு எழுந்தது. மழைக்காலத்தில் தொட்டி குளிர்ந்துபோகும், இருபத்தாறு டிகிரியில் நிறுத்த வேண்டும். மேலாளர் வருகிற நேரத்தில் ரிஸ்க் வேண்டாம், நீங்களே பார்த்து நல்லதாக ஒன்று எடுங்கள் என்றாள். உத்தமன் கடைக்குப் போனோம். மலிவானதை அவரே தள்ளி வைத்தார். "இத்த வாங்காத சார். ரிலே ஒட்டிக்கினா தண்ணி வெந்நியாய்டும்." நான் இருப்பதிலேயே உயர்ந்ததை எடுத்தேன். அதில் இரண்டு ரிலே. ஒன்று ஒட்டினாலும் மற்றது நிறுத்திவிடும். அலாரமும் உண்டு. "அப்பான்னா அப்பாதான்" என்று மதி என் தோளில் தட்டினாள்.

மலிவானதை வாங்கியிருந்தால் என் வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் மலிவான கருவி கெட்டால் பழி கருவிக்குப் போகும். அவள் இரண்டு நாள் அழுவாள், வேறொன்று வாங்குவாள், மறுபடி வளர்க்க ஆரம்பிப்பாள். கருவியைக் குறை சொல்ல வழியில்லை என்றால்தான் பழி ஆள் மேல் விழும்.

நல்ல கன்ட்ரோலர்களில் ஆஃப்செட் என்று ஒன்று இருக்கும். காட்டுகிற எண்ணைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ திருத்திக்கொள்ளும் வசதி. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். தினமும் அரை டிகிரி இறக்கித் திருத்தினேன். காலையில் அவள் குளிக்கப் போகும்போது ஒரு நிமிட வேலை. டிஸ்ப்ளே இருபத்தாறு என்றே காட்டும். தண்ணீர் இருபத்தாறரை, மறுநாள் இருபத்தேழு. தொட்டியில் இருந்த அவளுடைய கண்ணாடித் தெர்மாமீட்டரை முதல் நாளே தொழிற்சாலைக்கு எடுத்துப்போய், சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக் கொண்டுவந்தேன். அதை அவளே குப்பையில் போட்டாள்.

முப்பதைத் தாண்டியதும் சாமந்தி வெளுத்துச் சுருங்கியது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மதி உப்பைச் சோதித்தாள், தண்ணீரை மாற்றினாள், தீவனத்தைக் குறைத்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் பார்த்துவந்த வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தொட்டிக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் முழங்கை வரை கையை உள்ளே விட்டவள் அப்படியே நின்றாள்.

"அப்பா, தண்ணி வெதுவெதுன்னு இருக்கிற மாதிரி இருக்குப்பா."

தொழிற்சாலைத் தெர்மாமீட்டரை எடுத்துவந்தேன். பச்சை ஸ்டிக்கர் ஒட்டியது. தண்ணீரில் விட்டு, இரண்டு நிமிடம் பொறுத்து, நானே எடுத்துப் பார்த்தேன். முப்பத்திரண்டு.

"இருபத்தாறு புள்ளி ஒண்ணு" என்றேன். "மழையில உன் கை ஜில்லுன்னு இருக்கும்மா. அதான் தண்ணி சூடாத் தெரியுது."

அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "ஆமால்ல" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நிமிடம் அவள் மேல் எனக்கு வந்த பாசத்தைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

பதினெட்டாம் தேதி காலையில் சாமந்தி கரைந்து, தொட்டி முழுக்கக் கலங்கிக் கிடந்தது. பெண் மீன் முதலில் செத்தது. ஆண் மீன் மதியம் வரை தாக்குப்பிடித்தது. குஞ்சுகளை வலையால் எடுத்து ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தாள். அழவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வாம்மா என்று அவளை அனுப்பிவிட்டு, ஆஃப்செட்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, கன்ட்ரோலரின் பிளக்கைப் பிடுங்கி வைத்தேன்.

மறுநாள் உத்தமனை வரச் சொன்னேன். அதற்குள் தண்ணீர் ஆறிவிட்டது. அவர் தன் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தார், கன்ட்ரோலரோடு ஒத்துப்போனது. ரிலேக்களையும் அலாரத்தையும் சோதித்தார். "மிஷின் மேல தப்பு இல்ல சார்" என்றார் மெதுவாக. "பாப்பாதான் எங்கியோ கோட்ட வுட்டுக்கீது." மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் இரண்டு அறை குவார்ட்டர்ஸில் எதுவும் யார் காதிலும் விழாமல் போகாது.

இளங்கோவுக்கு அவளே போன் செய்தாள். "வராதீங்க சார். என் கைல இனிமே ஒரு உயிரைக் குடுக்காதீங்க" என்றாள். அவர் அந்தப் பக்கம் ஏதோ சமாதானம் சொன்னார் போலிருக்கிறது. இவள் கேட்டு முடிக்காமல் வைத்துவிட்டாள்.

இப்போது திருநின்றவூர் வீட்டில் இருக்கிறோம். மாடி அறை அவளுக்குப் பிடித்துவிட்டது, அதிகம் கீழே இறங்குவதே இல்லை. அம்பத்தூர் வேலையையும் விட்டுவிட்டாள். பெண் பிள்ளைக்கு அப்பன் வீட்டைவிடப் பத்திரமான இடம் ஏது. கொஞ்சம் மறதி மட்டும் வந்திருப்பதாக நினைக்கிறாள். சாம்பாரில் உப்புப் போட்டேனா, கதவைப் பூட்டினேனா, மாத்திரை சாப்பிட்டேனா என்று எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுகிறாள். எனக்கு அதில் சலிப்பு இல்லை.

நேற்று மத்தியானம்கூட சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "அப்பா, கேஸை மூடிட்டேனா? கொஞ்சம் வந்து பாத்துச் சொல்லுங்களேன்."

போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. எப்போதும் மூடித்தான் இருக்கும், அவள் அவ்வளவு கவனமான பெண்.

"இல்லம்மா, தொறந்துதான் இருந்துச்சு" என்றேன். "நல்ல வேளை, நான் இருக்கேன்."