அப்பா நடந்தால் ஓடும் படகு

"எனக்க அப்பா நடந்தாத்தான் படகு ஓடும். அவரு நின்னா அதுவும் நின்னுரும்."

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை போகும் பேருந்தில் முன் இருக்கைப் பெண் இப்படிச் சொன்னதும் நான் காது கொடுத்தேன். மொபைல் போனில் கேம் விளையாடுவது புதிதாக வந்திருந்த இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்தது அது. அவளுக்குத் திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் வேலை என்பதும், பக்கத்தில் இருந்தவள் கூடப் படித்தவள் என்பதும் பேச்சிலிருந்தே தெரிந்தது.

"மொபைல்ல விளையாடுத கேமா?"

"ஆமா மக்கா. அப்பாக்கு சுகர் உண்டு. டாக்டர் நடக்கச் சொன்னாரு. கடல்லயே கெடந்த மனுசன், சும்மா எதுக்கு நடக்கணும்னு இருந்துட்டாரு. அதுக்காக்கும் இந்தக் கேமை உண்டாக்கினேன். போனோட, அசைவை அறியுத ஒரு சின்னக் கருவியைச் சேத்து இடுப்புல கட்டிவிட்டேன். அடி எடுத்து வச்சா ஸ்கிரீன்ல படகு முன்னால போவும்."

"நடந்தாரா?"

"நல்லா நடந்தாரு. படகு கரையை விட்டுப் போறதைப் பாக்குதவங்ககிட்ட எல்லாம் காட்டினாரு. செருப்பு கடிச்சுப் புண்ணானது அவருக்கே தெரியல்ல. சுகர்ல காலு மரத்திருக்கும் இல்லியா. நான் பாத்தப்போ கறுத்துப் போயிருந்துச்சு. போன வாரம் முட்டுக்குக் கீழ காலை எடுத்தாச்சு."

தோழி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பேருந்து அமரவிளையைத் தாண்டியது.

"அப்பா என்ன சொல்லுதாரு?"

"நேத்து அந்தப் போனைக் கேட்டாரு. கட்டில்ல கெடந்துட்டே அந்தக் கருவியைக் கையில பிடிச்சு மெல்ல ஆட்டினாரு. படகு போச்சு. 'பாத்தியா மக்களே, ஓடுதில்லா'ன்னு என்னையாக்கும் சமாதானப்படுத்துதாரு."