எண்பது இறாத்தல் ஏறும்வரை வாசிக்கப்படும் மடல்

மட்டக்குளி வெண்முகில் நீராவிச் சலவை ஆலையில் முப்பத்தொரு ஆண்டுகள் கொதிகலன் பொறுப்பில் இருந்து, இன்று ஓய்வுபெறும் திருமதி ஜெகதீஸ்வரி நாகேந்திரம் அவர்களுக்கு ஆலைப் பணியாளர்கள் அளிக்கும் மடல்

அனலை அடக்கி ஆண்ட அம்மையே! ஆவியின் அளவறிந்த அறிவரசியே! அமுக்கமானியின் முள் அசையுமுன்னே அதன் அந்தரங்கம் அறிந்த எங்கள் அதிகாரியே! கொழும்பு மாநகரின் கட்டில் விரிப்புகளெல்லாம் கஞ்சி மொறுமொறுக்க வெளுத்து விரியக் காரணமான கண்ணியமே! உங்களை வணங்குகிறோம், வாழ்த்துகிறோம், வாய் வலிக்கும்வரை புகழவும் வந்திருக்கிறோம்!

இந்த மடல் நீளமானது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முற்றத்தில் நிற்கும் அந்தச் சிறிய நீராவி ரயில் எஞ்சினுக்குச் சரியாக மூன்று மணிக்கு எங்கள் கொதிகலன் பராமரிப்பாளர் பௌஸி நெருப்பு வைத்திருக்கிறார். குளிர்ந்த தண்ணீர் சூடேறி, ஆவியாகி, எண்பது இறாத்தல் அமுக்கத்தைத் தொட இருபது நிமிடத்துக்குக் குறையாமல் பிடிக்கும். அதுவரை சபையோரை இருக்கையில் இருத்தி வைக்கும் பொறுப்பு இம்மடலினுடையது. ஆகவே அலங்காரம் சற்று அதிகமாகத் தோன்றினால் இதை எழுதிய களஞ்சியக்கார ராகுலனைக் குறை சொல்லாதீர்கள், தண்ணீரைக் குறை சொல்லுங்கள்.

இன்னொன்று. முகத்துக்கு நேரே புகழ்ந்தால் நீங்கள் எழுந்து கொதிகலன் அறைக்குப் போய்விடுவீர்கள். மகளிர் தின விழாவில் அப்படித்தான் செய்தீர்கள். எனவே இனிச் சபையைப் பார்த்தே சொல்கிறோம். யாரோ ஒருவரின் கதை என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருங்கள்.

சபையோரே! இருபத்தொன்பது வயதில் எங்கள் ஆலைக்குள் காலடி வைத்தார் ஜெகதீஸ்வரி மிஸ். கொதிகலன் அறையில் பெண்ணுக்கு என்ன வேலை என்று கேட்டவர்கள் அன்று பலர். அவர்களுக்கு அவர் வாயால் பதில் சொல்லவில்லை, ஒரு விதியால் சொன்னார். எந்தக் கொதிகலனைப் பழுது பார்த்தாலும் அதில் விளிம்பு வரை குளிர்ந்த தண்ணீரை நிரப்பி, வேலை செய்யும் அமுக்கத்தைப்போல் இரு மடங்குக்குக் கைப்பம்பால் ஏற்றி, இருபது நிமிடம் வைத்துப் பார்க்க வேண்டும். பழுது பார்த்தவர் ஒருவர், அந்த வேலையில் கை வைக்காதவர் ஒருவர், இந்த இருவரும் கையெழுத்திடாமல் நெருப்பு வைக்கக் கூடாது. முப்பத்தொரு ஆண்டுகளில் எங்கள் ஆலையில் ஒரு கையும் வெந்ததில்லை. இங்கே கூடியிருக்கும் நூற்றுப் பன்னிரண்டு பேரும் முழு மேனியோடு வீடு போகிறோமே, அதுதான் அவரது முதற் சாதனை!

இனி எஞ்சினின் கதை. சென்ற ஆண்டு ஆலைக்கு ஒரு வால்வு தேடி, இயந்திரம் பொருத்தும் பிற்றர் கிளின்ரனோடு, பழைய இரும்புக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனார் மிஸ். கடையொன்றின் மூலையில், கதவு சாத்தாமலிருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள் இந்த எஞ்சினை. ஒரு நாயின் உயரம், ஆறு சக்கரம், இரண்டு பேர் தூக்கவேண்டிய பாரம். உண்மையான எஞ்சினில் உள்ளதெல்லாம் இதிலும் சிறிதாக உண்டு. கரி போட்டால் எரியும், தண்ணீர் விட்டால் கொதிக்கும், ஆவி வந்தால் ஓடும். அதாவது ஒரு காலத்தில் ஓடியிருக்கும். அன்று புகைபோக்கிக்குள் குளவிக் கூடு, இடது சிலிண்டர் இறுகிப்போய், இணைப்புத் தண்டு ஒன்று காணாமற்போய், குழாய்கள் சுண்ணாம்பு அடைத்துக் கிடந்தது.

"மிஸ், ஏக்க செல்லம் படுவக்" என்றார் கடைக்காரர் சிங்களத்தில். விளையாட்டுச் சாமானாம்.

"செல்லம் நெமெய்" என்றார் மிஸ். விளையாட்டு இல்லையாம். வால்வை மறந்துவிட்டு எஞ்சினோடு திரும்பினார். வால்வுக்காகக் கிளின்ரன் மறுநாளும் போக வேண்டியதாயிற்று.

வெள்ளவத்தையில் கடற்பக்கத்து ஒழுங்கையொன்றில் மிஸ்ஸின் வீடு. பின்னறை சின்ன லேத்துக்கும் கருவிகளுக்கும் சரியாகிவிட, எஞ்சின் சாப்பாட்டு மேசையில் ஏறியது. பதினான்கு மாதம் அங்கேயே இருந்தது. மிஸ்ஸின் கணவர் நாகேந்திரம் ஐயா அந்தப் பதினான்கு மாதமும் சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிட்டார். "கலியாணம் கட்டினது என்னை, மேசை குடுத்தது அதுக்கு" என்று எங்களிடம் முறையிட்டாரே தவிர, எஞ்சினை இறக்கச் சொல்லி ஒருநாளும் கேட்கவில்லை. பொறுமையின் பொக்கிஷமே, நாகேந்திரம் ஐயா! உங்களுக்கும் ஒரு மடல் எழுதத்தான் வேண்டும்.

அந்த வீட்டில் நடந்த வேலையைப் பார்த்தவர்கள் நாங்கள். வியந்து நின்றவர்கள் நாங்கள். பித்தளை உறுப்புகள் ஒவ்வொன்றும் பழப்புளியில் ஊறிப் பொன்னாய் எழுந்தன. கடற்காற்றில் உருக்குத் துண்டு ஒரே நாளில் துருவேறும் என்பதால் ஒவ்வொன்றையும் எண்ணெய் தோய்த்த பழஞ்சேலைத் துண்டில் சுற்றிப் பிள்ளையைப்போல் படுக்க வைத்திருந்தார். வீட்டுக்குப் பின்னால் ரயில் போகும்போது மேசை அதிரும். அதனால் மிஸ்ஸுக்கு ரயில் நேரங்கள் எல்லாம் மனப்பாடம். ரயில் வரும் நிமிடத்தில் அரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அது கடந்து போனதும் விட்ட இடத்திலிருந்து அராவுவார். காணாமற்போன இணைப்புத் தண்டை உருக்குக் கட்டியிலிருந்து அப்படித்தான், ரயிலுக்கு ரயில் இடைவேளை விட்டு, ஐந்து வாரத்தில் அராவி எடுத்தார்.

எதற்கு இந்தப் பாடு என்று ஒருநாள் கிளின்ரன் கேட்டுவிட்டார். மிஸ் சொன்ன பதிலை அவர் அப்படியே வந்து எங்களிடம் ஒப்புவித்தார்.

"முப்பது வருசமா இந்த ஆவியை வச்சு ஊராக்களின்ர பெட்சீற்றுத்தான் தேச்சிருக்கிறன், கிளின்ரன். அது ஒரு பாரத்தை இழுத்துக்கொண்டு நடக்கிறதை ஒருக்கா என்ர கண்ணால பாக்கவேணும். ரிட்டயர் ஆகமுதல் பாக்கவேணும்."

ஓய்வுக்கு முன் என்பதற்குக் காரணம் உண்டு. வெள்ளவத்தை ஒழுங்கையில் முச்சக்கர வண்டி திரும்பவே இடமில்லை. தண்டவாளம் போடத்தக்க நேரான வழி மிஸ்ஸுக்குத் தெரிந்து ஒன்றுதான், எங்கள் ஆலை முற்றத்தில் துணி வண்டிகள் போகும் சீமெந்துப் பாதை. முகாமையாளரும் பிரியாவிடை நாளுக்கு அதைத் தருவதாகச் சொல்லிவிட்டார். அந்த ஒரு நாள்தான், சபையோரே, அதற்கு மறுநாள் கிடையாது!

சென்ற மாதப் பௌர்ணமிப் போயா விடுமுறையில், மிஸ்ஸின் வீட்டில் முதற் சோதனை. பதினெட்டு ஆண்டுகளாக எங்கள் கொதிகலன்களைக் கவனிக்கும் பௌஸியைத்தான் இரண்டாவது கையெழுத்துக்கு அழைத்தார் மிஸ். தண்ணீர் நிரப்பி நூற்றறுபது இறாத்தலுக்குப் பம்ப் அடித்தார்கள். இருபது நிமிடமும் முள் அசையவில்லை. மிஸ் முதலில் கையெழுத்திட்டுத் தாளைப் பௌஸியிடம் நீட்டினார். பௌஸியும் இட்டார். தேநீர் வந்தது, பயற்றம் பணியாரம் வந்தது, நாகேந்திரம் ஐயா கைதட்டினார். பௌஸி விடைபெற்று வீட்டுக்குப் பஸ் ஏறினார்.

பஸ் பம்பலப்பிட்டிக்கு வந்தபோது பௌஸி இறங்கினார். வீதியைக் கடந்து, வந்த வழியே திரும்பும் பஸ்ஸில் ஏறினார். அவர் ஒழுங்கைக்குள் ஓடிவந்தபோது பின்முற்றத்தில் மிஸ் குந்தியிருந்தார். எஞ்சினின் நெருப்பறையில் கரி நிறைந்திருந்தது. ஆவி எப்படி வருகிறதென்று மட்டும் பார்க்கலாமென்று தீக்குச்சியைக் கையில் எடுத்திருந்தார்.

"மிஸ், நெருப்பு வெக்க வாணாம்!" என்று கத்தினார் பௌஸி. "நான் உள்ளுக்கு ஒரு சொட்டுத் தண்ணி கண்டன். கண்டுட்டும் சைன் வெச்சிட்டன்."

"எங்க கண்டனீர்?"

"நெருப்பறைக்குள்ள. இடப்பக்கம் மேல் வரிசையில மூணாவது ஆணி. டோர்ச் அடிச்சுப் பார்க்கக்குள்ள ஒரு சொட்டு நிண்டிச்சு."

"ஏன் அப்பவே சொல்லேல்லை?"

"மிஸ்ட வேலையில பிழை சொல்ல நான் யாரு, மிஸ்?"

அப்போது ரயில் ஒன்று போயிற்று. அது போய் முடிந்ததும் மிஸ் கையிலிருந்த தீக்குச்சியை மறுபடி பெட்டிக்குள் வைத்தார். பதினான்கு மாத உழைப்பும், ஓய்வுக்கு மிஞ்சியிருந்த இருபத்துமூன்று நாளும் அவர் கண்முன் நின்றிருக்கும். கரியெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டார். "பிழை சொல்லத்தானே ஐசே உம்மைக் கூப்பிட்டனான்" என்றார்.  பௌஸிதான் இதை எங்களுக்குச் சொன்னார்.

பிறகு மிஸ் செய்ததுதான் எங்களைத் தலைவணங்க வைப்பது. பௌஸியை ஏசவில்லை, தாளைக் கிழிக்கவுமில்லை. இரண்டு கையெழுத்துக்கும் கீழே தன் கையாலேயே எழுதினார்: "சோதனை தவறியது. முதற் காரணம், ஆணியில் கசிவு. இரண்டாவது காரணம், பொறுப்பதிகாரி முதலில் கையெழுத்திட்டது." மறுநாள் அந்தத் தாளை ஆலை அறிவித்தற் பலகையில் எல்லோரும் வாசிக்கக் குத்திவிட்டார். இனி எந்தச் சோதனையிலும் வேலையில் கை வைக்காதவரே முதலில் ஒப்பமிட வேண்டும், பொறுப்பதிகாரி கடைசியில்தான் என்று பக்கத்தில் புதிய விதி. தன் பிழையைத் தானே பலகையில் அறைந்த அதிகாரியை நீங்கள் எங்கேனும் கண்டதுண்டா? நாங்கள் கண்டோம்! அந்தப் பலகையின் முன் நின்று, ஒருவரை ஒருவர் பார்க்கவும் கூச்சப்பட்டுக் கண்டோம்!

இருபத்துமூன்று நாளில் மீண்டும் முதலிலிருந்து. தகடுகளைப் பிணைக்கும் ஓர் ஆணியைப் பற்றவைக்கச் செம்புக் கொதிகலனைச் சூடாக்கினால் அயல் ஆணி வாய் திறந்தது. அதை மூட இன்னொன்று திறந்தது. முழுக் கொதிகலனையும் ஒரேயடியாகச் செந்நிறமாக்கி வெள்ளிப் பற்றாசு ஓடவிட்டாலன்றி வழியில்லை என்று தெரிந்ததும், கிளின்ரன் கொட்டாஞ்சேனையிலிருந்து பெரிய எரிவாயு ஊதுவிளக்குகள் இரண்டைக் கொண்டுவந்தார். பின்முற்றத்தில் கிளின்ரன் ஒரு பக்கம், நாகேந்திரம் ஐயா மறுபக்கம் சுவாலை பிடிக்க, நடுவே பற்றாசுக் கம்பியோடு மிஸ். கையெழுத்திட வேண்டியவர் என்பதால் வேலையில் கை வைக்காமல், பௌஸி சாரத்தை மடித்துக் கட்டி மணல் வாளியோடு காவல் நின்றார். செம்பு மங்கிச் சிவந்து, பின் நன்றாகச் சிவந்து, வெள்ளி நீராய் உருகி ஒவ்வோர் ஆணியையும் சுற்றி வளையமிட்டதாம். "குர்ஆன் மேல சத்தியமா, அந்த நேரம் மூச்சு விடயில்ல" என்கிறார் பௌஸி.

நேற்றுக் காலை, எங்கள் எல்லோர் முன்னிலையிலும் இரண்டாவது சோதனை. நூற்றறுபது இறாத்தல். பௌஸி தரையில் படுத்து, நெருப்பறைக்குள் டோர்ச் அடித்து, ஆணி ஆணியாகப் பார்த்தார். இருபது நிமிடம் முடிந்தது. எழும்புவார் என்று பார்த்தால், "இன்னொரு இருபது நிமிஷம் வேணும்" என்றார். நாங்கள் முணுமுணுத்தோம். மிஸ் மட்டும் சிரித்தார். அவர் அப்படி மனம் நிறைந்து சிரித்ததை நாங்கள் இதற்கு முன் கண்டதில்லை. நாற்பது நிமிடம் கழித்துப் பௌஸி எழுந்து, முதலில் கையெழுத்திட்டார். அதன் கீழே மிஸ் கையெழுத்திட்டார்.

ஆவியின் அரசியே! இனி உங்களிடமே திரும்புகிறோம். இரண்டு ஒப்பமும் இருக்கும் அந்தத் தாளும், தவறிய சோதனையின் தாளும் இம்மடலோடு ஒரே சட்டத்துக்குள் அடங்கும். எங்கள் பொன்னாடையைவிட அவையே உங்களுக்கு அழகு!

உங்கள் மூட்டுகள் எண்ணெய் வற்றாமல் இயங்கட்டும்! உங்கள் கண்கள் கடைசி ஆணியின் சொட்டையும் காணட்டும்! நெடுங்காலம் நோயின்றி, நெஞ்சில் சுமையின்றி, நாகேந்திரம் ஐயாவோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டு வாழுங்கள்! உங்கள் பின்னால் எங்கள் கொதிகலன்கள் உங்கள் விதிப்படியே எரியும். இது வாக்கு.

இந்த இடத்தில் வாசிப்பவர் நிறுத்திப் பௌஸியைப் பார்க்க வேண்டும். முள் எண்பதில் நின்று எங்கும் ஒரு சொட்டும் இல்லையென்றால் அவர் தலையசைப்பார். சந்தேகம் ஏதும் இருந்தால் கையைக் காட்டுவார். காட்டினால் நெருப்பை இறக்கிவிட்டு, ரோல்ஸ் சாப்பிட்டு, அமைதியாக வீடு போவோம். ஒருவரும் முகம் கோணக் கூடாது. அதைத்தானே நீங்கள் எங்களுக்குப் பழக்கினீர்கள்! என்ன நடந்ததென்று எழுத, கீழே நான்கு விரல் அகலம் வெறுமையாக விட்டிருக்கிறோம்.

என்றும் உங்கள்,
வெண்முகில் நீராவிச் சலவை ஆலைப் பணியாளர்கள்
மட்டக்குளி, கொழும்பு 15

(வெற்றிடத்தில், நீலப் பேனையால்)

3.26க்குத் தலையசைத்தேன். அறுபது அடி ஓடியது. ஓட்டியவர் மிஸ். இழுத்த பாரம் நாகேந்திரம் ஐயா. கசிவு இல்லை.
பௌஸி

(அதன் கீழே, வேறொரு கையெழுத்தில்)

நடந்ததை என் கண்ணால் கண்டேன்.
ஜெகதீஸ்வரி