ஒரு மடக்குத் தண்ணீர்

அந்த நாற்காலி ஆடும், மாப்பிள்ளை. சுவரோரம் கிடப்பதில் உட்காருங்கள். என் தங்கை பிள்ளையோடு மாடியில் கண்ணயர்ந்திருக்கிறாள், நிதானமாகப் பேசலாம். நேர்காணலுக்கு அவளை எப்படித் தயார்செய்தேன் என்றுதானே கேட்க வந்தீர்கள்? ஒளிக்க ஒன்றும் இல்லை.

உங்கள் மனைவிக்குச் சின்ன வயதிலிருந்தே கணக்கு வாய்வழியாகத்தான் வரும். "இதை இங்க வச்சா அது அங்க போகுது, ஐயோ போகலையே, சரி திரும்பி வா" என்று கணக்கோடு சண்டை பிடித்துக்கொண்டே போடுவாள். பக்கத்தில் இருந்தால் நமக்கும் புரிந்துவிடும். அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான்.

அந்த மென்பொருள் நிறுவனம் கூப்பிட்டதும் நேராக என்னிடம்தான் வந்தாள். நான் ஏற்கெனவே அங்கே நேர்காணலுக்குப் போய்விட்டு வந்தவள் அல்லவா. இந்தக் கூடத்தில் வெள்ளைப் பலகையை மாட்டினோம். நான் கேள்வி கேட்பவள், அவள் வேலை தேடி வந்தவள். முதல் கணக்கிலேயே வாயைத் திறந்தாள். ஸ்கேலால் மேசையைத் தட்டினேன்.

"வாயாடிக்கு வேலை கொடுக்க அது என்ன சந்தைக்கடையாடி?"

"பேசாம நின்னா செத்துட்டேன்னு நினைச்சு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுடுவாங்கக்கா."

சிரித்தேன். நானும் மனுஷிதானே. பிறகு ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, "ஒரு மடக்கு வாயில வச்சுக்க. விடை வந்தப்புறம் முழுங்கு" என்றேன்.

தொடக்கத்தில் புரையேறும், சட்டை நனையும். ஒருநாள் மூக்கில் ஏறிக் கண் கலங்கி நின்றாள். துண்டை நீட்டிவிட்டு, அதே கணக்கை அழித்து மறுபடி போடச் சொன்னேன். அடித்துச் சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. நான் அவள்மேல் விரல்கூட வைக்கவில்லை. போகப் போகத் தண்ணீரே தேவைப்படவில்லை. மார்க்கரை எடுத்தாலே உதடுகள் தாமாக ஒட்டிக்கொண்டன.

நேர்காணலில் எல்லாம் சரியாகத்தான் போட்டிருக்கிறாள். "என்ன யோசிக்கிறீங்க, கொஞ்சம் சொல்லுங்க" என்று அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். தொண்டை அசைந்ததே தவிரச் சத்தம் வரவில்லையாம். இதை அவள் சொல்லவில்லை; பலகையில் எழுதிக் காட்டினாள். இப்போது பிள்ளைக்குக் கதை சொல்லக்கூட வாய் திறப்பதில்லை என்கிறீர்கள். கவனித்தேன்.

தெரியாமல் செய்தேனா என்றால், இல்லை. அங்கே விடையை மட்டும் பார்ப்பதில்லை. யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லித்தான் ஆளை எடைபோடுவார்கள். என்னைத் திருப்பி அனுப்பியபோது அங்கிருந்த அம்மாள் பொறுமையாகவே விளக்கினாள்: "விடை சரிதாங்க. ஆனா நீங்க எப்படி யோசிக்கிறீங்கன்னு எங்களுக்கு ஒண்ணுமே கேக்கலை." நான் அழுத்தக்காரி. அவர்கள் கேட்பதெல்லாம் உங்கள் மனைவிக்குப் பிறவியிலேயே வாய்த்திருந்தது. ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்குள் எதற்கு இந்த ஓரவஞ்சனை? சரிக்குச் சமமாக்கினேன், அவ்வளவுதான்.

உங்களுக்குக் கோபம் வருகிறது. நியாயம்தான். எழுப்பி இதையெல்லாம் சொல்லிப் பாருங்கள், அவள் நம்பமாட்டாள். இன்று காலை வேறொரு நிறுவனம் அவளைக் கூப்பிட்டிருக்கிறது. அந்தக் கடிதத்தை உங்களிடம் காட்டவில்லை போலிருக்கிறது. என்னிடம்தான் ஓடிவந்து காட்டினாள். கூடப்பிறந்தவளை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள், மாப்பிள்ளை? திங்கட்கிழமை ஆரம்பிக்கிறோம்.