எல்லாக் கதவும் பச்சை

“பொம்மை மூச்சு விடுதுடி!” என்று ஜன்னலுக்கு வெளியே யாரோ கிசுகிசுத்தார்கள்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பொம்மை விருட்டென்று எழுந்தது. பழைய மில் ஊரைப் பார்க்க வந்த சுற்றுலாக் கூட்டம் சிதறி ஓடியது. கூடத்துக்குள்ளேயே நுழைந்துவிட்ட ஒருத்தி மட்டும் மாட்டிக்கொண்டாள். யாரிடமும் எதிர்த்துப் பேசிப் பழகாத பெண். பதற்றத்தில் நுழைவுச்சீட்டை நீட்டினாள்.

“சீட்டை ஏம்மா என்கிட்ட நீட்டுற? நான் என்ன கிழிச்சா குடுக்கப்போறேன்? உக்காரு, உன்னைத் திட்ட மாட்டேன்... மியூசியம் பக்கத்து வீடும்மா, பக்கத்து வீடு! அங்கதான் மெழுகுல புருஷன் பொண்டாட்டி செஞ்சு நிறுத்தியிருக்கான். அந்தக் காலத்து மில் தொழிலாளி குடும்பமாம். அவன் கையில தூக்குச்சட்டி, அவ கையில கரண்டி. எங்க வீட்டுக்காரர் போய்ப் பார்த்துட்டு வந்து, ‘அந்தம்மா எவ்ளோ அமைதி!’ங்கிறார். எப்படி இருக்கும் எனக்கு?

அவரும் மாட்டினார், விடு. போன வாரம் குளிச்சுட்டு துண்டோட வர்றார், கூடம் பூரா ஜனம். ஒருத்தன் கேக்குறான், ‘இவர் எந்த நூற்றாண்டு?’ன்னு. மனுஷன் கத்த வேணாமா? அசையாம நின்னாராம். அசைஞ்சா துண்டு அவுந்துருமாம்!

உங்களைச் சொல்லியும் குத்தமில்ல. தெரு பூரா ஒரே பச்சைக் கதவு. நம்பர் மாட்டக் கூடாது, பேர் எழுதக் கூடாது, திரை போடக் கூடாது. மில் ஓடின காலத்துல எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும்னு பாரம்பரிய ஆபீஸ்ல உத்தரவு. எவனுக்கு வந்த யோசனைங்கிறியா?

...ம்... நான்தான் சொன்னேன். பின்ன என்னம்மா? இந்தப் பக்கம் பொம்மை, அந்தப் பக்கம் யாருங்கிற? என் ஓர்ப்படி! என் கொழுந்தன் பொண்டாட்டி. கதவுக்கு ரோஸ் பெயிண்ட் அடிச்சா. ரோஸு! வர்ற டூரிஸ்ட் எல்லாம் அவ வாசல்லயே போட்டோ. இவளும் தினம் ஒரு புடவை கட்டி நிக்கிறா. எனக்குப் பத்திக்கிட்டு வராதா? ஊர்க் கூட்டத்துல எழுந்து, பாரம்பரியம் பாழாப்போகுதுன்னு ஒரு பேச்சு பேசினேன் பாரு... கைதட்டல்! அவ கதவை மாத்துவான்னு பார்த்தா, அந்த ஆபீஸ்காரன் எல்லார் கதவையும் மாத்திட்டான். என் நம்பர்ப் பலகையையும் பிடுங்கிட்டுப் போயிட்டான். அன்னையிலருந்து அவளும் என்கூடப் பேசறதில்ல. நானா போய்ப் பேசுவேன்னு நினைச்சியா? இந்த ஜென்மத்துல நடக்காது.

எழுந்திரிக்காத, பஸ் உன்னை விட்டுட்டுப் போகாது. கேளு. என் பையன் ஒரு பொண்ணை விரும்புறான். அவ அப்பா அம்மா இன்னைக்கு நம்ம வீட்டைப் பார்க்க வர்றாங்க. பிடிச்சாத்தான் கல்யாணம். பணம் நகை எதுவும் வேணாமாம். குடும்பம் ஒத்துமையா இருந்தாப் போதுமாம்... எதைக் கேக்குறாங்க பாரு! பையன் வெளியூர்லருந்து அடுத்த பஸ்லதான் வர்றான். வழி சொன்னியாடான்னா, ‘பச்சைக் கதவு வீடுன்னு சொல்லியிருக்கேம்மா’ங்கிறான். பெத்தேனே!

இரு, போன் அடிக்குது. அவன்தான்... என்னடா? வந்துட்டாங்களா? உனக்குப் போன் பண்ணாங்களா? எங்க? பொம்மை வீட்டுல போய்க் கும்பிடு போட்டாங்களா? ஐயோ... அப்புறம்? யாரு கூட்டிட்டுப் போய் உக்கார வச்சது?... சித்தியா?”

சுவருக்கு அந்தப் பக்கம், ஓர்ப்படி வீட்டில், டம்ளர் வைக்கும் சத்தம். ஒரு ஆணின் சிரிப்பு. பிறகு ஒரு பெண்குரல், சுவரைத் தாண்டட்டும் என்றே உரக்கப் பேசியது போலிருந்தது:

“அக்கா அடுப்படியில இருக்காங்க, இப்ப வந்துருவாங்க. எங்களுக்கு ரெண்டு வீடுன்னாலும் சமையல் ஒண்ணுதான்!”

வீட்டுக்காரி போனைக் காதில் வைத்தபடியே சுவர்ப் பக்கம் திரும்பினாள். ஓடிவிட இதுதான் சமயம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் நாற்காலியை விட்டு அசையவில்லை.

வீட்டுக்காரி போனை வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். உரித்த வெங்காயத்தைக் கிண்ணத்தோடு எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். அடுத்த பச்சைக் கதவைத் தோளால் தள்ளித் திறந்தாள்.

“ஏண்டி, வெங்காயம் உரிச்சாச்சு. வேற என்ன நறுக்கணும்?” என்று கேட்டபடி உள்ளே போனாள்.