கறுப்பு ஒயர்

விளக்கை அணைக்காதீங்க, இருக்கட்டும். இது என் கூட்டாளியோட மாமாவுக்கு நடந்தது. வீட்டுக்கு வீடு போய் ஸ்பீக்கர் மாட்டிக் குடுக்குறதுதான் அவருக்குப் பொழப்பு. எங்களுக்கெல்லாம் ‘ஒயர் மாமா’.

ராத்திரி ஒன்பதரை. ஒத்தை ரோடு... அதுல கடைசி வீடு. கதவைத் திறந்தது ஒரு அக்கா. பகல்ல வேலைக்குப் போறவங்க, அதான் அந்த நேரத்துக்கு வரச்சொல்லியிருந்தாங்க.

“எங்க வீட்டுக்காரர் பாதியில விட்டுட்டுப் போயிட்டாரு. முடிச்சுக் குடுங்கண்ணே.”

கம்ப்யூட்டர்ல படம் போட்டா சத்தம் ரூமைச் சுத்தி வரணும்னு அவங்க வீட்டுக்காரருக்கு ஆசை. அதுக்கு கம்ப்யூட்டர்லேருந்து, சத்தத்தைப் பிரிச்சு ஸ்பீக்கருக்கு அனுப்புற ரிசீவர் பெட்டிக்கு மூணு ஒயர் போகணும். பச்சை முன்பக்க ஸ்பீக்கருக்கு, ஆரஞ்சு நடுவுக்கு, கறுப்பு பின்பக்கத்துக்கு. ரெண்டு மாட்டியிருந்துச்சு. கறுப்பு மட்டும்... தரையில கிடந்துச்சு.

மாமா பெட்டிக்குப் பின்னாடி தலையை விட்டு அதைச் சொருகுனாரு. டப்புன்னு ஒரு சத்தம். தூசி கருகுற வாசனை. சோபாவுக்குப் பின்னாடி இருந்த ஸ்பீக்கர்லேருந்து, மூச்சு இழுக்க முடியாத ஒரு குரல்...

“கொஞ்சம்... வாயேன்...”

கம்ப்யூட்டர்ல எதுவும் ஓடல. மாமா வெடுக்குன்னு ஒயரைப் பிடுங்குனாரு. குரல் நிக்கல.

அக்கா அப்படியே உக்காந்துட்டாங்க. “அன்னிக்கும் இப்படித்தான் கூப்பிட்டாரு. சாயங்காலம் பூரா ‘வந்து கேளு, வந்து கேளு’ன்னு என் உசுரை வாங்கிட்டிருந்தாரு. இதுவும் ஸ்பீக்கருக்குத்தான்னு நெனச்சு... பாத்திரத்தைக் கழுவி வெச்சுட்டுப் போனேண்ணே. அந்தக் கறுப்பு ஒயரைப் பிடிச்சபடியே உசுரில்லாம கிடந்தாரு.”

“கொஞ்சம்... வாயேன்...”

“வந்துட்டேங்க! இதோ வந்துட்டேன்!”

அக்கா பதில் சொன்னது அவருக்குக் கேக்கல. திரும்பத் திரும்ப அதே கூப்பாடு. அக்கா மாமாவை நிமிந்து பாத்தாங்களாம். “நான் பேசுறது அவருக்குக் கேக்குற மாதிரி... ஏதாவது ஒயர் இருக்காண்ணே?”

மாமாவுக்கு ஓடிடலாம்னு தோணுச்சு. ஓடல. பையிலேருந்து ஒரு மைக்கை எடுத்து கம்ப்யூட்டர்ல மாட்டிக் குடுத்தாரு. அக்கா அதை உதட்டோட ஒட்டி வெச்சுக்கிட்டு சொன்னாங்க...

“லேட்டா வந்துட்டேன். மன்னிச்சுடுங்க.”

குரல் நின்னுபோச்சு.

ஒரு வாரம் கழிச்சு அக்காகிட்டேருந்து போன். ஒரே அழுகை. “அப்புறம் அவர் கூப்பிடவே இல்லண்ணே. நான் பதிலே சொல்லியிருக்கக் கூடாது. அந்தக் குரலாச்சும் இருந்திருக்கும்ல... இப்ப இந்த வீட்ல நான் மட்டும்தான்.”

மாமா போனைக் காதோட இன்னும் அழுத்திப் பிடிச்சாரு. ஏன்னா அந்த அழுகைக்கு நடுவுல, அக்கா தோளுக்குப் பக்கத்துலேருந்து வர்ற மாதிரி, அதே ஆம்பளைக் குரல் சன்னமா...

“அழாதம்மா... அழாத...”

அக்காவுக்கு மட்டும் அது கேக்கவே இல்ல.